மூன்றாவது முறை எரிந்த விளக்கு

"டேஷ்போர்டுல எஞ்சின் லைட்டு மறுபடியும் எரியுது, டீச்சர். எதை மாத்தினாலும் எரியுது. யாரு பொய் சொல்றாங்கன்னே புரியலை."

இருதயராஜுக்கு ஐம்பத்துநான்கு வயது. இருபத்தெட்டு வருடம் லாரி எஞ்சின் பார்த்தவர். ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தபின் அந்தக் காது உதவவில்லை. திண்டுக்கல் பைபாஸில் மெகருன்னிசாவின் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்.

மெகருன்னிசாவுக்கு முப்பத்தாறு. ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

"எந்த வண்டிண்ணே?"

"சிறுமலை சொர்ணவல்லி அம்மா வண்டி. வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வர்றாங்களே, அது."

"ஸ்கேனர் மாட்டிப் பாத்தா என்ன கோளாறு சொல்லுது?"

"கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்குது. கோட் நம்பரே நானூத்தி இருபது. பித்தலாட்டம்னு அதுவே சொல்லுது."

மெகருன்னிசா சிரிக்கவில்லை.

கன்வெர்ட்டர் என்பது சைலன்ஸருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி. அதற்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னதன் அளவு ஏறி இறங்கும். புகை சுத்தமாகியிருந்தால் பின்னதன் அளவு அசையாது.

சொர்ணவல்லியின் காரில் இரண்டும் ஆடின.

இருதயராஜ் முதலில் பின் சென்சாரை மாற்றினார். இரண்டு நாளில் விளக்கு எரிந்தது. முன் சென்சாரை மாற்றினார். நான்கு நாளில் எரிந்தது.

"அப்போ கன்வெர்ட்டர்தான். புதுசு வர பத்து நாளாகுமாம். அதுவரைக்கும் அந்தம்மா ஓட்டட்டும். மாத்திடலாமா?"

"கழட்டின பழசு எங்கே?"

தகர டப்பாவில் கிடந்த இரண்டு சென்சார்களையும் கொண்டுவந்தார். மெகருன்னிசா முன் சென்சாரை மட்டும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க."

"பாத்துட்டேன்."

"பாருங்கண்ணே."

அவர் வெளிச்சத்துக்குப் போனார். வாசல் பக்கம் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நுனியில வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. கரி இல்லை."

"என்னது?"

"தெரியலை. மலையில சுண்ணாம்புத் தூசியா?"

"இருக்கலாம்."

"பெட்ரோல்ல கலப்படமா?"

"இருக்கலாம்."

"எதுன்னு சொல்லுங்களேன் டீச்சர். தலை சுத்துது."

மெகருன்னிசா போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

"என்னன்னு கேக்க?"

"எதையும் கேக்க வேண்டாம்."

"கேக்காம எப்படி?"

"வண்டியைப் பத்திச் சொல்லுங்கம்மான்னு சொல்லிட்டு, பேசாம இருங்க."

இருதயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டார்.

"வண்டியைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"என்ன சொல்ல? அதான் லைட்டு எரியுதே."

அவர் வாயைத் திறந்தார். மெகருன்னிசா விரலை உதட்டில் வைத்தார்.

"கன்வெர்ட்டர் வந்துடுச்சா?"

இருதயராஜ் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

பிறகு சொர்ணவல்லி பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரர் படுத்த பிறகுதான் கார் ஓட்டக் கற்றாராம். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் முதல் கியரை விட மாட்டாராம். ஏசி போட்டால் வீட்டுக்காரருக்குக் குளிர் தாங்காது. ஜன்னலைத் திறந்தால் வாந்தி வரும்.

"பாதி வழியில ஒரு இடத்துல நிறுத்திடுவேன். அவருக்கும் மூச்சு வாங்கும். நானும் தண்ணி ஊத்திடுவேன்."

"எதுக்குத் தண்ணி?" இருதயராஜுக்குத் தாங்கவில்லை.

"வண்டிக்குத்தான். எஞ்சின் பக்கத்துல இருக்கே, அந்த வெள்ளை டப்பால குறைஞ்சுக்கிட்டே போகுதே. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு பாட்டில். இப்போ தினமும். காலையில ரெண்டு பாட்டில் ஊத்தினேன்."

"கீழ ஒழுகுதா?"

"ஒரு சொட்டுகூட இல்லையே. தரை காஞ்சுதான் கிடக்கு."

"ஏம்மா இதை எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க லைட்டைப் பத்தித்தானே கேட்டீங்க? இது லைட்டு இல்லையே."

இருதயராஜ் கையிலிருந்த சென்சாரைப் பார்த்தார். நுனி வெளுத்திருந்தது.

தண்ணீர் ஒழுகவில்லை. எஞ்சினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அந்தத் தண்ணீரோடு ஆவியாகி, புகையோடு புகையாய் வந்து சென்சாரில் படிந்துகொண்டிருந்தது.

"இப்போ எங்கம்மா இருக்கீங்க?"

"கிளம்பிட்டோம். ஆஸ்பத்திரி நாள். அவரை ஏத்தியாச்சு, சாவி போடணும்."

"போடாதீங்க!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வண்டியை எடுக்காதீங்கம்மா. சூடாகி நடுமலையில நின்னுடும். நான் வர்றேன்."

ஒர்க்‌ஷாப் வேனை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். இருவரையும் அதில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கினார். டயாலிசிஸ் முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காரை மினி லாரியில் ஏற்றி வரச் செய்தார்.

மறுநாள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். மூன்றில் பழுப்புப் படிவு. ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தது.

எஞ்சின் ஹெட்டைத் திறந்தார். அந்தப் பிளக்கின் சிலிண்டர் ஓரத்தில், தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் கேஸ்கெட் தலைமுடி அகலத்துக்கு எரிந்து போயிருந்தது.

ஹெட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கினார். புதிய கேஸ்கெட் போட்டார். கன்வெர்ட்டரைத் தொடவில்லை. வேலை முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரி நாட்களில் அவரே வேனில் மலைக்குப் போய் வந்தார். சொர்ணவல்லியின் வீட்டுக்காரர் வழி முழுக்கக் கண்ணை மூடியே இருப்பார். ஒரு நாள் மட்டும், "லாரிக்காரர் மாதிரி ஓட்டுறீங்க," என்றார்.

காரை ஒப்படைத்து ஒரு மாதம் ஆயிற்று. டப்பாவில் தண்ணீர் குறையவில்லை. விளக்கு எரியவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இருதயராஜ் கேட்டார். ஒரு மாதமாக உள்ளேயே வைத்திருந்த கேள்வி.

"அந்த வெள்ளைப் படிவைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரியும், இல்லையா டீச்சர்?"

"தெரியாது. கேஸ்கெட்டா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"அதையாவது சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு குழம்பியிருக்க மாட்டேனே."

மெகருன்னிசா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"சொல்லியிருந்தா, அந்தம்மா பேச்சைக் கேக்காமலே அதையும் மாத்தியிருப்பீங்க."