மேட்டுச் சங்கத்தின் கொக்கு

காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மண்மேடு இருந்தது. வெள்ளெலிகளும் கௌதாரிகளும் முயல்களும் அங்கே தினை விதைத்துப் பிழைத்தன. மேட்டின் உச்சியில் ஒரு பெருச்சாளி பெரிய வளை தோண்டி வசதியாக வாழ்ந்தது. கிழக்குச் சரிவில் மருதாயி என்ற வெள்ளெலி குடியிருந்தது.

அந்தக் கோடையில் மருதாயி குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. புருஷனைப் பருந்து தூக்கிக்கொண்டு போய் அதிக நாள் ஆகவில்லை. அதனால் தரையில் ஒரு நிழல் ஓடினாலே மருதாயிக்கு உடம்பெல்லாம் நடுங்கும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கௌதாரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மருதாயி! யானைங்க வரப்போகுது! பழைய தடத்தைக் கருவேல முள்ளு அடைச்சிடுச்சாம். இனிமே தண்ணிக்கு நம்ம மேட்டு வழியாத்தான் போகுமாம்!"

"ஐயோ, நம்ம தினை என்னக்கா ஆகும்?"

"தினையா? தலை தப்புமான்னு கேளுடி!"

மருதாயி வளைக்குள் ஓடியது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. தோல் மட்டும்தான் இருந்தது அவற்றுக்கு, மயிர்கூட முளைக்கவில்லை. இந்த வெயிலில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

பெருச்சாளி எல்லோரையும் கூட்டியது. "பயப்படாதீங்க! நாம தனித்தனியாப் போய்க் கத்தினா யானை காதில் விழாது. ஒரு சங்கம் வைப்போம். நமக்காகப் பேச ஓர் ஆளை அனுப்புவோம்."

"யானைகிட்டப் போய்ப் பேச யாருக்குத் தைரியம் இருக்கு?" என்று கேட்டது முயல்.

"உண்ணிக்கொக்கு இருக்கே! தினமும் யானை முதுகிலேதானே உட்கார்ந்திருக்கு. காதுக்குப் பக்கத்து இடம்! அது சொன்னா யானை கேட்கும்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கொக்கை அழைத்தார்கள். கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டது.

"பேசலாம். நல்லாவே பேசலாம். ஆனா நாள் பூரா உங்க வேலையைப் பார்த்தா, நான் இரை தேட வேண்டாமா?"

அதனால் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. தினமும் வீட்டுக்கு ஒரு வெட்டுக்கிளி கொக்குக்குப் பங்காகத் தர வேண்டும். பெருச்சாளி மட்டும் ஓர் இலை நிறைய நண்டு கொண்டுவந்து வைத்தது. கொக்கின் கண் பளபளத்தது.

"நான் பெரிய குடும்பம், பெரிய பங்கு தர்றேன்" என்று பெருச்சாளி அடக்கமாகச் சொன்னது. எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். மருதாயியும் புகழ்ந்தது.

வெட்டுக்கிளி பிடிப்பது மருதாயிக்கு லேசான வேலை இல்லை. வெட்டவெளியில் ஓட வேண்டும். ஓடும்போது மேலே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் வெட்டுக்கிளி தாவிவிடும். பிடித்ததைத் தான் தின்னாமல் கொண்டுபோய்க் கொடுத்தது. பசியில் பால் வற்றியது. குட்டிகள் காம்பைச் சப்பிவிட்டு அழுதன.

"கொஞ்சம் பொறுங்க கண்ணுகளா! நமக்காக அங்கே பேசிக்கிட்டு இருக்காங்க" என்று அது குட்டிகளைத் தேற்றியது.

ஒருநாள் கௌதாரி வந்து சொன்னது: "நாளைக்குக் காலையில உச்சியிலே கூட்டமாம். யானைகிட்ட என்ன கேட்கிறதுன்னு பேசி முடிக்கணுமாம். நீ போறியா?"

"உச்சியிலா? ஒரு செடி நிழல்கூட இல்லாத இடம்! பருந்து பார்த்தா என்னக்கா பண்ணுவேன்? நீங்க போங்க."

"நான் எப்படிப் போறது? முட்டையை விட்டுட்டு அவ்வளவு நேரம் இருக்க முடியாதே!"

"அப்போ முயல் போகட்டும். பங்கைத்தான் தவறாமக் குடுக்கிறோமே. அப்புறம் நாம எதுக்கு?"

முயலும் போனது. ஆனால் வெயில் ஏறியதும் களை பறிக்கத் திரும்பிவிட்டது. கடைசியில் கூட்டத்தில் பெருச்சாளியும் கொக்கும் மட்டுமே இருந்தன. இரண்டும் நண்டு தின்றுகொண்டே வெகுநேரம் பேசின.

அதன் பிறகு கொக்கு தினமும் யானை முதுகில் போய் உட்கார்ந்தது. "என்ன ஆச்சு?" என்று யார் கேட்டாலும் "பேச்சு நடக்குது, நடக்குது" என்றது. ஒருநாள் சிறகை அடித்துக்கொண்டு மேட்டில் இறங்கியது.

"ஜெயிச்சாச்சு! யானைங்க மேட்டு உச்சியிலே காலே வைக்காது!"

முயல் துள்ளியது. மருதாயி ஆனந்தத்தில் அழுதது. ஆனால் கௌதாரி கழுத்தை நீட்டிக் கேட்டது:

"உச்சியிலே வைக்காது, சரி. அப்போ எந்த வழியாப் போகும்?"

"கிழக்குச் சரிவு வழியா."

மருதாயி முன்னே ஓடி வந்தது. "கிழக்குச் சரிவா? அங்கேதானே என் பிள்ளைங்க இருக்கு! அங்கேதானே நாங்க இருக்கோம்!"

"மேட்டைக் காப்பாத்தணும்னு சங்கம் சொன்னது. எது மேடுன்னு பெருச்சாளி அண்ணன் காட்டினார். நான் வெறும் வாய்தானே? சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன்" என்றது கொக்கு.

பெருச்சாளி தொண்டையைச் செருமியது. "எல்லாரும் நல்லா இருக்கணும்னா யாராவது கொஞ்சம் விட்டுக் குடுக்கணும், தங்கச்சி. கூட்டத்துக்கு வந்து அப்பவே சொல்லியிருக்கலாமே!"

அப்போது தரை லேசாக அதிர்ந்தது.

"இன்னைக்கேவா?" என்று அலறியது கௌதாரி.

"தாகம் பொறுக்குமா? சாயந்தரத்துக்குள்ள தண்ணிக்கு வந்தாகணுமே" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனது.

மருதாயி வளைக்கு ஓடியது. கூரையிலிருந்து மண் உதிர்ந்து குட்டிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தது. எதிரே புழுதி சுவர் மாதிரி எழும்பி வந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. இந்தக் குட்டியை எங்கே வைப்பது? வைத்துவிட்டுத் திரும்பி வரும்வரை மற்றதெல்லாம் உயிரோடு இருக்குமா? மருதாயி உள்ளே திரும்பியது. எல்லாவற்றையும் வயிற்றுக்கு அடியில் சேர்த்து மூடிக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டது.

தொம்! தொம்! சத்தம் நெருங்கியது. பக்கத்தில் கௌதாரி வீறிட்டது. அடுத்த நொடி மருதாயியின் கூரை பிளந்தது. வெளிச்சம் கொட்டியது. அதை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பாதம் இறங்கியது. மண் பொலபொலவென்று சரிந்தது. பாதம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே போனது.

"எல்லாரும் நில்லுங்க!" என்று கூட்டத்துக்குத் தலைவியான பெரிய யானை பிளிறியது. "தரை உள்வாங்குது! கொக்கே, இது உறுதியான தரைன்னு நீதானே சொன்னே?"

"அது... அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க, பெரியம்மா" என்று யானை முதுகில் இருந்த கொக்கு இழுத்தது.

மேலே பருந்து இருந்தது. எதிரே யானை நின்றது. ஆனாலும் மருதாயி பிளந்த கூரை வழியே ஏறி வெளியே வந்து நின்றது.

"பெரியம்மா! மிதிக்காதீங்க! கீழே என் பிள்ளைங்க இருக்கு!"

"யாரது?"

"யாரோ ஒரு எலி, பெரியம்மா. சங்கத்து ஆள்தான். நான் பேசிக்கறேன்" என்றது கொக்கு.

"நீ சும்மா இரு!" யானை காதைத் தாழ்த்தியது. "நீ சொல்லும்மா."

"இந்தச் சரிவு முழுக்க எங்க வளைதான். உங்க கால் தப்பிச்சுது. உங்க குட்டி காலை வெச்சா முழுசா உள்ளே போயிடும்!"

யானை தன் கால்களுக்கு நடுவே நின்ற குட்டியைத் துதிக்கையால் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. "வேற வழி இருக்கா?"

"தெற்கே பாறைத் தரை இருக்கு. கொஞ்சம் சுத்து. ஆனா அங்கே யார் வீடும் இல்லை, விதைப்பும் இல்லை."

"இத்தனை நாளா என் காதுகிட்டேயே உட்கார்ந்திருந்தியே! பாறையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியா?"

கொக்கு சிறகைக் கோதியது. "பாறைப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு பெருச்சாளி அண்ணன் சொன்னார். அந்தப் பாறை ஏரியிலே இறங்குற இடத்துலதான் அவர் நண்டு பிடிக்கிறார். எனக்கு வர்ற நண்டும் அங்கேயிருந்துதான்."

யானை கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு தெற்கே போனது.

குட்டிகள் பிழைத்தன. ஆனால் சரிவின் ஓரத்தில் தினைப் பயிர் நசுங்கிக் கிடந்தது. கௌதாரியின் முட்டைகளில் பாதி உடைந்துபோயிருந்தது. அது உடைந்த ஓடுகளை மூக்கால் ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

பெருச்சாளி உச்சியிலிருந்து இறங்கி வந்தது. "பார்த்தீங்களா! நம்ம சங்கம் ஜெயிச்சிடுச்சு!"

"உங்க வாயைக் கொஞ்சம் மூடுங்கண்ணே" என்றது கௌதாரி. முயல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் உச்சியில் மறுபடியும் சங்கம் கூடியது; மருதாயியும் கிளம்பியது. ஒவ்வொரு புதரிலும் நின்று நின்று, வானத்தைப் பார்த்துப் பார்த்து, பயத்தோடுதான் வந்தது. ஆனால் வந்தது. பின்னாலேயே முயல்களும் மற்ற வெள்ளெலிகளும் வந்தன. யாரும் சங்கத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. யானைகள் அடுத்த கோடையிலும் வருமே!

"இன்னைக்குப் பங்கு எங்கே?" என்று கேட்டது கொக்கு.

"தர்றோம். முதல்ல, எங்க பேரைச் சொல்லி அங்கே என்ன கேட்கப்போறேன்னு இங்கே எல்லார் முன்னாலும் சொல்லு" என்றது மருதாயி. அதன் குரல் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நமக்காகப் பேசப் போகிறவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. அவர் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும்.