தினை தலை குனிந்த கதை

பயிர்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தினைக் கதிர் வேல் மாதிரி நேராக நின்றது. இன்றைக்கு அது குனிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் பாரம் தாங்காமல் வளைகிறது என்பார்கள். அடக்கம் என்று புகழ்வாரும் உண்டு. இரண்டும் இல்லை. செய்ததை மறைத்து அதற்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

மலையடிவாரத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்சாதி வெள்ளச்சி. கைக்குழந்தை ஒன்று. மழையை நம்பிய காடு ஒன்றுதான் அவர்கள் சொத்து. அதில் விளைவதுதான் மூன்று உயிருக்கும் அடுத்த ஆடி வரைக்கும் சோறு.

ஆடியில் மண் நனைந்ததும் வெள்ளச்சி ஒரே கூடையில் தினை, துவரை, ஆமணக்கு விதைகளைக் கலந்து கொடுப்பாள். சடையன் வீசி விதைப்பான். விழுந்தது விழுந்த இடத்தில் முளைக்கும். தினை மூன்று மாதத்தில் அறுப்புக்கு வரும். துவரை தை மாதம் வரை நிற்கும். ஆமணக்கு விளக்குக்கு எண்ணெய் தரும்.

ஒரு வருஷம் அறுக்க வந்த சடையனைத் தினை கூப்பிட்டது.

"சடையா, இது யாரு காடுன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்றாங்க?"

"சடையன் தினைக்காடும்பாங்க."

"துவரைக்காடுன்னு எவனாச்சும் சொல்றானா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இந்த நெட்டச்சியை என் தலைக்கு மேல நிக்க வைக்கிற? நான் அறுப்புக்கே வந்துட்டேன், அவ இன்னும் பூக்கல. அந்த ஆமணக்கு இலையை விரிச்சு வெயிலை மறைக்கிறான். வர்ற ஆடிக்கு என்னை மட்டும் விதை. மூணு பங்கு தர்றேன்."

துவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "என் வேரு ஆழத்துல கிடக்கு, உன் வேரு மேலாக்குல. உன் கஞ்சியில நான் என்னைக்குக் கை வெச்சேன்?"

"ஒட்டிப் பிழைக்கிறவளுக்கு வாயைப் பாரு!" என்றது தினை.

அந்தச் சொல்லைத் துவரை மறக்கவில்லை.

அடுத்த ஆடியில் சடையன் விதையைச் சல்லடையில் போட்டுச் சலித்தான். பொடித் தினை கீழே இறங்கியது. துவரையும் ஆமணக்கும் மேலே தங்கின.

"ஏங்க, இலையில உக்காந்தவங்களை எழுப்பி விடுற மாதிரி இருக்கு. வேணாங்க," என்றாள் வெள்ளச்சி.

"சும்மா இரு. இந்த வருஷம் குதிர் வழியும் பாரு."

சல்லடையில் தங்கியதைக் காட்டோரக் குப்பைமேட்டில் வீசிவிட்டு வந்தான்.

காடு முழுக்கத் தினை. போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். சடையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தான்.

கதிர் விட்ட சமயம், வயிறு நிறைய முட்டையோடு ஒரு பூச்சி பறந்து வந்தது.

"உன்னை வருஷா வருஷம் தேடுவேன். துவரை வாசமும் ஆமணக்கு வாசமும் கலந்து அடிக்கும். நீ இருக்கிற இடம் தெரியாம திரும்பிடுவேன். இன்னைக்கு மலை மேல வரும்போதே உன் வாசம் வந்துடுச்சு."

"மலை வரைக்குமா!" தினைக்குப் பெருமை பிடிபடவில்லை. "வந்த களைப்புத் தீர உக்காரு," என்று தன் தாளை நீட்டியது.

பூச்சி உட்கார்ந்து முட்டையிட்டது. நாலாம் நாள் புழுக்கள் வந்தன. ஒரு தாளைத் தின்று அடுத்த தாளுக்குப் போயின. நடுவில் தடுக்க வேறு ஒரு செடி இல்லை. புருஷனும் பெண்சாதியும் பானை பானையாகப் பொறுக்கிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் காடு மொட்டையாகிவிட்டது. ஒரு மூலையில் பத்துக் கதிர் மிஞ்சியது. அதை அறுக்கப் போகவும் வெட்கப்பட்டுச் சடையன் அப்படியே விட்டுவிட்டான்.

கீரையும் மலைக் கிழங்குமாக நாள் போனது. மார்கழியில் அதுவும் தீர்ந்தது. வெள்ளச்சிக்குப் பால் வற்றியது. அழுது அழுது குழந்தையின் குரல் மெலிந்துபோனது. ஒருநாள் சாம்பல் கொட்டப் போனவள் குப்பைமேட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். வீசி எறிந்த துவரை ஆள் உயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. பக்கத்தில் ஆமணக்கு.

"ஏங்க, இங்க வாங்க! வந்து பறிங்க!"

சடையன் எட்டியே நின்றான். "எந்தக் கையால பறிக்கிறது? வீசின கைதானே இது."

"அதே கையாலதான். குழந்தைக்கு வேற கை எங்க இருக்கு?"

குனிந்த தலை நிமிராமல் பறித்தான். அவித்த பருப்பைத் தின்று, அந்தத் தண்ணீரையும் குடித்து மூன்றாம் நாள் வெள்ளச்சிக்குப் பால் ஊறியது. அவள் குப்பைமேட்டு ஓரமாகவே உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். மூலையில் நின்ற பத்துக் கதிரும் அதைப் பார்த்தன.

"அக்கா," என்றது தினை.

"அக்காவா? போன வருஷம் ஒட்டிப் பிழைக்கிறவ."

தினையின் கழுத்து தானாக வளைந்தது. "திரும்பி வந்துடு அக்கா," என்று தரையைப் பார்த்துச் சொன்னது.

"வர்றேன். அந்தப் பிள்ளைக்காக வர்றேன். உன்னை மன்னிச்சேன்னு நினைச்சுக்காத. உனக்கு ஆறு உழவுச்சால், ஊடால எனக்கு ஒரு சால். நீ அறுபட்டுப் போன பிறகும் நான் நிப்பேன்."

ஆமணக்கு அந்த அளவுக்குக்கூட இறங்கவில்லை. "எனக்கு வரப்பு போதும். உள்ள கூப்பிடாதீங்க," என்றது.

நடுவில் நிற்பதை ஊடுபயிர் என்றும், வரப்பில் நிற்பதை வரப்புப்பயிர் என்றும் நாம் சொல்வது அதனால்தான். காடு முழுக்க ஒன்றையே விதைத்தால் படித்தவர்கள் ஒற்றைப்பயிர் என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் தனிப்பயிர். மற்றவர்களை எழுப்பிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்தது என்று அர்த்தம். "என்ன, தனிப்பயிரா போட்டிருக்க?" என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரன் பதில் சொல்லுமுன் ஒரு கணம் தன் காலைப் பார்ப்பான்.

அந்தப் பத்துக் கதிரின் விதையைச் சடையன் அடுத்த ஆடியில் சால் சாலாக விதைக்க, தினை நேராகத்தான் வளர்ந்தது. கதிர் விட்டதும், ஊடே நின்ற துவரையைக் கண்டு தலை கவிழ்ந்தது. அன்று கவிழ்ந்த தலைதான். இன்று வரைக்கும் தினை அதை நிமிர்த்தவில்லை, துவரையும் நிமிரச் சொல்லவில்லை.