தொட்டாச்சு, நகர்த்தணும்

சிலுப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தடத்தில் பதினோரு வருஷம் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். அவர்கள் ஏறி இறங்கித்தான் என் பிழைப்பு ஓடியது. நடந்ததைச் சொல்கிறேன், பட்டம் கொடுப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் ரோட்டில் ஒரு பஸ் நிழற்குடை. நாலு இரும்புக் குழாய், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். கிழக்கே ஒரு மைல் நடந்தால் சிலுப்பட்டி, மேற்கே ஒரு மைல் நடந்தால் கொம்பூரணி. எந்த ஊர்ப் பெயரை எழுதுவது என்று இரண்டு ஊருக்கும் தகராறு. அதனால் போர்டு மொட்டையாகவே தொங்கியது.

இதில் அடி வாங்கியவன் சிலுப்பட்டி இருளாண்டி. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், வயது முப்பத்துமூன்று, தங்கமான பிள்ளை. அவன் வீட்டைப் பார்க்க வந்த பெண் வீட்டார் மொட்டைப் போர்டைப் பார்த்துக் குழம்பி மேற்கே நடந்துவிட்டார்கள். கொம்பூரணியில் ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். காபி நன்றாக இருந்ததாம். அந்த வீட்டுப் பையன் தவமணிக்கே பெண்ணைப் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கே மனசு ஆறவில்லை. இப்போது இரண்டாவதாக ஒரு இடம் கூடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் போர்டில் சிலுப்பட்டி என்று எழுதாவிட்டால் இந்தப் பெண்ணும் கொம்பூரணிக்குத்தான்.

போட்டி வைத்துத் தீர்க்கலாம் என்றார்கள். கொம்பூரணி செஸ் என்றது, சிலுப்பட்டி குத்துச்சண்டை என்றது. நடுவில் மாட்டிய பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் தேவசகாயம், இரண்டையும் கலந்தே ஒரு விளையாட்டு இருக்கிறது என்றார். மூன்று நிமிஷம் செஸ், மூன்று நிமிஷம் குத்து, மாறி மாறி. செக்மேட் ஆனாலும் தோல்வி, செஸ் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தாலும் தோல்வி, பத்து எண்ணுவதற்குள் சண்டைக்கு வந்து நிற்காவிட்டாலும் தோல்வி. புதன்கிழமை போட்டி. கொம்பூரணிக்குத் தவமணி, சிலுப்பட்டிக்கு இருளாண்டி.

சிலுப்பட்டிக்கு வந்து மாஸ்டர் பலகையும் கடிகாரமும் கையுறையும் கொடுத்தார். "முக்கியமான விஷயம். தொட்டா நகர்த்தணும். இதுல மன்னிப்பே கிடையாது. நகர்த்தினதும் கடிகாரத்தை அமுக்கணும். அப்புறம் எதிராளியோட நேரம் ஓடும்" என்றார். எதைத் தொட்டால் என்று விளக்குவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மெயின் ரோட்டுக்கு ஓடிவந்து ஏறிக்கொண்டார். நான் அன்று அஞ்சு நிமிஷம் தாமதமாக வந்திருக்கலாம்.

ஊரில் கண்ணாடி போட்டவர் கோட்டைச்சாமி ஒருத்தர்தான். அதனால் யோசிக்கிற வேலை அவருடையது. மறுநாள் காலை பயிற்சி ஆரம்பம்.

"அண்ணே, டீக்கடை பெஞ்சைத் தொட்டுட்டேன்" என்றான் இருளாண்டி.

"நகர்த்து."

"எங்கண்ணே?"

"அது உன் இஷ்டம். ஆட்டம் உன்னோடது."

உட்கார்ந்திருந்த நாலு பேரோடு பெஞ்சை நகர்த்தினான். நகர்த்தும்போது முழங்கை அடுப்பில் பட்டது. அடுப்பை நகர்த்தும்போது பாய்லரில் பட்டது. மத்தியானத்துக்குள் டீக்கடை கண்மாய்க் கரைக்குப் போய்விட்டது. கடைக்காரி பேச்சியம்மாள் கோபப்படவில்லை. "ரூல்னா ரூல்தானே. நான் இங்கனயே போட்டுக்கிறேன்" என்றாள்.

கையுறை போட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று ஒருத்தன் கேட்டான். ஊரே கூடி உட்கார்ந்தது.

"உறையோட தொட்டா தொட்டதா, இல்லையா?"

கோட்டைச்சாமி கண்ணாடியைத் துடைத்தார். "உறை போட்டுக்கிட்டு நெருப்பைத் தொட்டா சுடுமா?"

"சுடாது."

"அப்ப நெருப்பைத் தொட்டா தொட்டது ஆகாது. மத்ததெல்லாம் தொட்டதுதான்."

அதிலிருந்து இருளாண்டி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே நடந்தான். பேச்சியம்மாள்தான் ஊட்டிவிட்டாள்.

குத்து வாங்க ஊரில் யாரும் முன்வரவில்லை. உமி நிரப்பிய ஒரு சாக்கை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று நிமிஷம் குத்தினான். சாக்கு ஆடியது, அது நகர்ந்த கணக்கு என்று கோட்டைச்சாமி ஒப்புக்கொண்டார்.

"அடுத்த மூணு நிமிஷம் செஸ். யாரோட ஆடுறது?"

"யாரைக் குத்தினியோ அவனோடதான். குத்துறதுக்கு ஒருத்தன், ஆடுறதுக்கு ஒருத்தனா? அது அநியாயம்."

சாக்கை அவிழ்த்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். இருளாண்டி ஒரு சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினான். சாக்கு யோசித்தது. ஊரே மூச்சு விடாமல் பார்த்தது. சாக்கின் நேரம் முழுவதும் தீர்ந்து, இருளாண்டி ஜெயித்தான். புதன்கிழமைக்குள் முப்பது ஆட்டம், முப்பதிலும் வெற்றி. சாக்கு பாவம் என்று இருளாண்டி அழக்கூட அழுதான்.

போட்டி நிழற்குடைக்குப் பக்கத்துப் பொட்டலில், நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி நடந்தது. நானும் டிரைவரும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தோம். முதலில் செஸ். இருளாண்டி ஒரு சிப்பாயை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கி, கையைக் கட்டி உட்கார்ந்தான். தவமணியும் ஒரு சிப்பாயை நகர்த்தினான்.

இருளாண்டி துள்ளி எழுந்தான். "மாஸ்டர்! இவன் ஆடுறான்!"

கோட்டைச்சாமிக்கும் தாங்கவில்லை. "ஒரு சாக்குக்கு இருக்கிற பொறுமைகூட இல்லையேப்பா!"

நல்லவேளை, மணி அடித்தது. குத்து ஆரம்பம். தவமணி பாய்ந்து வந்தான். இருளாண்டியின் கையுறை அவன் தோளில் லேசாகப் பட்டது.

"அண்ணே, தொட்டுட்டேன்!"

"நகர்த்துடா!"

அப்படியே அலாக்காகத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய், அந்த வழியாகப் போன வைக்கோல் டிராக்டரில் வைத்தான். ஓடிவந்து கடிகாரத்தை அமுக்கினான். மாஸ்டர் பத்து எண்ணி முடிக்கும்போது தவமணி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் கையை ஆட்டிக்கொண்டு போனான். மாஸ்டர் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். குத்தக்கூடாத இடமெல்லாம் போட்டிருந்தது, டிராக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. சிலுப்பட்டி ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை காலை போர்டில் பெரிய எழுத்தில் சிலுப்பட்டி என்று எழுதிவிட்டார்கள். புதுச்சட்டை போட்டு நின்ற இருளாண்டி சந்தோஷம் தாங்காமல் நிழற்குடைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான்.

ஊரே திரும்பிப் பார்த்தது.

"தொட்டாச்சு" என்றார் கோட்டைச்சாமி.

நாலு குழாயையும் தகரம், போர்டோடு தோண்டி எடுத்துத் தோளில் சுமந்து, ஒரு மைல் நடந்து, இருளாண்டி வீட்டு வாசலிலேயே நட்டார்கள். கோட்டைச்சாமி கடிகாரத்தை அமுக்கினார். "நாம ஆடியாச்சு. இனி பஸ்ஸோட முறை."

அந்த நேரம் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு நான் மெயின் ரோட்டில் வந்தேன். நாலு குழிதான் இருந்தது. போர்டு இல்லாத இடத்தில் எப்படி நிறுத்துவது? போகலாம் என்று விசில் கொடுத்துவிட்டேன். ஊருக்குள்ளே ஹாரன் சத்தம் கேட்ட இருளாண்டி, "பஸ் போயிட்ட மாதிரி இருக்கேண்ணே" என்றானாம். "போகலடா, யோசிக்குது" என்றாராம் கோட்டைச்சாமி.

கடைசி ஸ்டாப் வரை ஊரைத் தேடிய பெண் வீட்டாரோடு திரும்பி வந்தேன். குழிகளுக்குப் பக்கத்தில் ஊரே நின்று கை காட்டியது. நான் இறங்கினேன்.

"மனசை விட்டுராதீங்க தம்பி. நல்லாத்தான் யோசிச்சீங்க. நேரம் தீர்ந்துபோச்சு, தோத்துட்டீங்க" என்று ஆறுதல் சொன்ன கோட்டைச்சாமி திரும்பி, "இருளாண்டி, தோத்தவருக்குக் கை குடு" என்றார்.

கொடுத்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

விசிலை ஊத எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆறு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். கண்டக்டர் இல்லாமல் டிரைவர் எங்கே போவார்? ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். இப்படித்தான் சிலுப்பட்டிக்குள் முதல் பஸ் நுழைந்தது.

பெண்ணின் அப்பா இறங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே பஸ் ஸ்டாப். அவருக்கு முகமெல்லாம் பல். "வசதியான இடமால்ல இருக்கு! எனக்குப் பரிபூரண சம்மதம் மாப்ள" என்று இருளாண்டியின் தோளைத் தட்டினார்.

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"ஐயா, தொட்டுட்டீங்க."

அவர் முழிப்பதற்குள் மாப்பிள்ளையை ஜன்னலோரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். துணைமாப்பிள்ளையாகப் பக்கத்தில் சாக்கு.

"இவரை எங்கய்யா கொண்டுபோறது?" என்றார் பெண்ணின் அப்பா.

"அது உங்க இஷ்டம். ஆட்டம் உங்களோடது" என்று கோட்டைச்சாமி அவர் மடியில் கடிகாரத்தை வைத்தார். "வீட்டுக்குப் போனதும் மறக்காம அமுக்கிருங்க. இனி பொண்ணோட முறை."