பச்சைக்குள் சிவப்பு

இலைகளெல்லாம் அரிசி மாவுபோல வெளுத்திருந்த அந்தக் காலத்தில், உப்பும் காற்றும்கூடப் பேசிக்கொண்டிருந்தன. ஒரு குளத்துச் சேற்றில் நான்கு சகோதரிகள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஐந்து மூலை. மூத்தவள் மாடத்தி. கடைசி குருவம்மாள்.

கரையில் ஓர் அவரைக்கொடி. வெயில் கொட்டிக்கொண்டிருந்தும் ஒரு துளிகூட அதன் இலையில் தங்கவில்லை. முதல் பிஞ்சு பசியில் சுருங்கிக்கொண்டு வந்தது.

“மதினிமாரே, அந்த வெயில்ல கொஞ்சம் புடிச்சுத் தாங்களேன். பிஞ்சு நாளைக்குத் தாங்காது” என்று சேற்றைப் பார்த்துக் கெஞ்சியது கொடி.

நால்வரும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தார்கள். வெயில் வழுக்கி ஓடியது.

“கை கோத்துப் பார்ப்போமாக்கா?” என்றாள் குருவம்மாள்.

மாடத்திக்கு எதையும் கூட்டமாகச் செய்தால்தான் திருப்தி. ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டுவிட்ட சொந்தம் என்று சேற்றிலிருந்த அத்தனை பேரையும் அழைத்துவிட்டாள். நெருக்கத்தில் அகப்பட்ட கையை ஆளாளுக்குப் பிடித்தார்கள். வரிசை முடிவில்லாமல் நீண்டது, முறுக்கிக்கொண்டது, கடைசியில் கறுத்த பிசினாகக் குளத்தடியில் படிந்தது.

“கல்யாணத்துக்கா கூப்பிட்டே?” என்று கரையிலிருந்த நண்டு கேட்டது.

எப்படியோ கையை உருவிக்கொண்டு தப்பிய நால்வரும், தண்ணீர் விரிந்து கிடந்த நடுக்குளத்துக்குப் போனார்கள். அங்கே வேறு ஆளில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபின், குருவம்மாளின் ஒரு கை மிஞ்சியது. துழாவினாள். மாடத்தியின் இன்னொரு கைதான் அங்கே இருந்தது. பிடித்தாள். வட்டம் மூடியது. இத்தனை எளிய ஒன்று இத்தனை அழகாக இருக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை.

“நடுவுல ஒண்ணும் இல்லாம என்னடி கும்மி?” என்றாள் மாடத்தி.

இரும்பு முண்டிக்கொண்டு வந்தது. “நான் உட்கார்றேன்.”

“நீங்க உட்கார்ந்தா வெயிலை வந்ததும் அமுக்கிருவீங்கண்ணே. ரத்தம் ஓடுற பக்கம் இதே மாதிரி ஒரு வட்டம் நிக்குதாம். அங்க மூச்சைச் சுமக்க ஆள் தேடுறாங்க” என்றாள் மாடத்தி.

இரும்பு முகம் சிவந்து அந்தப் பக்கம் கிளம்பிப் போனது. ரத்தத்தின் நிறம் அதுதான்.

கடல் தண்ணீரிலிருந்து வந்த மக்னீசியம் நடுவில் உட்கார்ந்தது. வட்டம் பச்சையாயிற்று. அதைப் பார்த்து மிச்சமிருந்த சொந்தங்களும் நாலு நாலு பேராகப் பிரிந்து வட்டம் போட்டார்கள். எல்லா வட்டமும் கொடியின் வேர் வழியே ஏறி அவரை இலைக்குள் அடுத்தடுத்து நின்றன. கடைசி வட்டத்துக்கு அப்பால் இலையின் சமையலறை.

வெயில் விழுந்தது. இம்முறை வழுக்கவில்லை. வட்டமே துள்ளி எழுந்தது. குருவம்மாள் அவ்வளவு உயரத்தில் இருந்ததே இல்லை.

“குடுத்துரு. அடுத்தவங்க காத்திருக்காங்க” என்றாள் மாடத்தி.

“கொஞ்ச நேரம் வச்சுக்கிறேனேக்கா. இத்தனை நாளும் கையில நிக்காம ஓடினதுதானே?”

வைத்துக்கொண்டாள். துள்ளல் மெல்லத் தணிந்து வேறொரு கிறக்கமாக மாறியது. அந்த வழியாக வந்த காற்று நின்றது.

“என்னம்மா கையில? தொட்டுப் பார்க்கட்டுமா?”

தொட்டது. அதுவரை சாதுவாக இருந்த காற்று வெறிபிடித்ததுபோல் கண்டதையெல்லாம் கடித்தது. இலையின் ஓரம் கருகியது. கருகல் நரம்பு வழியே பிஞ்சின் காம்பை நோக்கி ஓடியது.

“மதினி!” என்று அலறியது கொடி.

அடுத்த வெயில் விழுந்தது. அது கையில் பட்டதும் படாததுமாக, குருவம்மாள் பக்கத்து வட்டத்திடம் வீசினாள். அவர்கள் அடுத்தவர்களிடம், அவர்கள் அதற்கடுத்தவர்களிடம். வெறுங்கையில் காற்றுக்கு வேலையில்லை. கருகல் காம்பருகே நின்றது. சமையலறையில் உலை கொதித்தது. சாயங்காலத்துக்குள் பிஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அன்று முதல்தான் இலை, வெயில் விழுந்த கணமே அதைக் கைமாற்றிவிடுகிறது. அன்று முதல்தான், இலையைக் கசக்கிச் சாராயத்தில் கரைத்து வெயிலில் பிடித்தால் பச்சைச் சாற்றுக்குள் சிவப்பு மினுங்குகிறது. வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதும் குருவம்மாள் வெயிலை வைத்துக்கொள்வதில்லை, சிவப்பாகச் சிந்திவிடுகிறாள்.