டென்மார்க்குக்குப் போன கஞ்சி

பொறையாருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு சிறிய தியான மடம். அதை நடத்தி வந்தவர் பூரணி அம்மை. அங்கே தியானம் பழக வருபவர்களில் கோமதியும் ஒருவர். ஓய்வுபெற்ற நர்ஸ். அம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலை கோமதி பெரிய பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"டென்மார்க் போறேன் தாயே. ஒரு மாசம் ஒரு வீட்ல தங்கணும். அவங்கதான் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருக்காங்க. வெறுங்கையோட போக முடியுமா? எடை தாண்டிடுச்சு. எதை விடறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"திறங்க, பார்ப்போம்."

பெட்டிக்குள் ஒரு குத்துவிளக்கு, பட்டுப்புடவை, தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டிப் பொம்மை, முந்திரி, முறுக்கு.

அம்மை விளக்கைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது.

"இது எதுக்கு?"

"கூடத்துல வைக்க."

"அவங்க கூடம் எப்படி இருக்கும்?"

"தெரியாது தாயே."

"புடவை?"

"அந்த வீட்டம்மாவுக்கு. கட்ட மாட்டாங்க. சும்மா வச்சுப்பாங்க."

"அவங்களைப் பத்தி என்னதான் தெரியும் உங்களுக்கு?"

கோமதி புடவையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"அவங்க மகனைத் தெரியும்," என்றார்.

அவன் பெயர் யோனாஸ். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க சைக்கிளில் வந்தவன். வந்த இடத்தில் டெங்குக் காய்ச்சல். அவனைச் சேர்த்த மருத்துவமனையில்தான் கோமதி அப்போது வேலையில் இருந்தார். அவனுடைய படுக்கை அவர் பொறுப்பில் இருந்தது. மருத்துவர்களும் ஆனமட்டும் பார்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் விமானம் ஏறி வந்து சேருவதற்குள் அவன் போய்விட்டான். அவர்கள் கோமதியிடம் நன்றி மட்டும் சொன்னார்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

அம்மை பொம்மையைத் தட்டிவிட்டார். அது தலையை ஆட்டியது.

"இதையெல்லாம் காட்டி எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"ஒரு சாயங்காலம் பேசலாம்."

"மீதி நாள்?"

கோமதி பொம்மையின் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பையன் இங்கே என்ன சாப்பிட்டான்?"

"எதுவும் இறங்கல. நொய்யரிசியும் சிறுபருப்பும் போட்டுக் கஞ்சி வச்சு வீட்டிலிருந்து எடுத்துட்டுப் போனேன். தொட்டுக்க உப்பு நாரத்தங்காய். அதை மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான்."

அம்மை எழுந்து சமையலறைக்குப் போனார். நொய்யரிசி ஒரு பொட்டலம், சிறுபருப்பு ஒரு பொட்டலம், காய்ந்த நாரத்தங்காய் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார்.

கோமதி பதறிவிட்டார். "அழுவாங்களே தாயே!"

"அதுக்கு அவங்க வேற யாரைக் கூப்பிடுவாங்க?" என்றார் அம்மை.

ஒரு மாதம் கழித்துக் கோமதி திரும்பி வந்தார். அம்மை தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கோமதி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"முதல் வாரம் எனக்குத் தைரியம் வரல தாயே. முந்திரியையும் முறுக்கையும் கொடுத்தேன். ரொம்ப மரியாதையா வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி வச்சேன். யோனாஸ் கடைசியா ஆசையாச் சாப்பிட்டது இதுதான்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன்."

"சாப்பிட்டாங்களா?"

"அப்பா எழுந்து வெளியே போயிட்டார். அம்மா சாப்பிட்டாங்க. நாரத்தங்காயைக் கடிச்சதும் முகம் கோணிடுச்சு. அவனுக்கும் இப்படித்தான் கோணுச்சுன்னேன். சிரிச்சுட்டாங்க. அப்புறம்தான் அழுதாங்க."

அதன் பிறகு அந்த அம்மாள் தினமும் ஏதாவது கேட்டார். இரவில் தூங்கினானா? யாரையாவது திட்டினானா? ஊசிக்குப் பயந்தானா? கோமதி எல்லாம் சொன்னார். வார்டுக்குள் வரும் பூனைக்கு அவன் பாட்டியின் பெயரை வைத்ததையும் சொன்னார். பேச்சு ஆரம்பித்ததும் அப்பா மட்டும் எழுந்து போய்விடுவார்.

"கிளம்புற அன்னிக்கு என் பெட்டியைத் தூக்கிட்டு கார் வரைக்கும் வந்தார். வந்தவர் பெட்டியைக் கீழே வச்சுட்டு நின்னார். 'அவன் போகும்போது யாராவது கையைப் பிடிச்சிருந்தாங்களா?'ன்னு கேட்டார்."

அம்மை தண்ணீர் விடுவதை நிறுத்தினார்.

"நான் பிடிச்சிருந்தேன்னு சொன்னேன். எந்தக் கைன்னு கேட்டார். இந்தக் கையை நீட்டினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். விட மனசில்ல. அந்த அம்மாதான் விமானத்துக்கு நேரமாச்சுன்னு கூட்டிட்டு வந்தாங்க."

சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது. கோமதி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் ஒரே வீட்ல இருந்தோம். இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவ்வளவு நாள் ஏன் காத்திருந்தார் தாயே? பதிலைத் தாங்க முடியாதுன்னு பயந்திருப்பாரோ?"

"'யாரும் பிடிக்கல'ன்னு சொல்லவேண்டி வந்தா உங்களால தாங்க முடியாதுன்னு நினைச்சிருப்பார்," என்றார் அம்மை.