குருசடி மணியில் கீறல் விழுந்த கதை

சங்குமுனை மிக்கேல் சம்மனசு குருசடியில் பத்துப் பேர் நெருக்கி முழங்கால் போட்டால், பதினோராவது ஆளின் முட்டி கடற்கரை மணலில்தான் இருக்கும். அவ்வளவுதான் கோயில். ஆனால் அங்கே மணியடிக்கிற கோயில்பிள்ளை கஸ்பார் வாயைத் திறந்தால் ரோமாபுரியே அதற்குப் பின்கட்டு.

அன்று அவர் வாய் ஓயவேயில்லை. காரணம் பயம். புதிதாக வந்த பங்குச்சாமி கீறல் விழுந்த மணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை இறக்கிட்டு, சுவிட்சைப் போட்டா அடிக்கிற கரண்ட் மணி வச்சிரலாமே" என்று சொல்லிவிட்டார். கஸ்பாருக்குக் கடல் ஆகாது. வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. மீன்பிடிக்கிற ஊரில் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அந்த மணிக்கயிறு ஒன்றுதான்.

"லேசுப்பட்ட மணியா சாமி இது? போர்த்துக்கீசுக் கப்பல் முங்குன அன்னைக்கு, இது மட்டும் நீந்திக் கரையேறிச்சு. எங்க பூட்டன் மணல்ல வலையக் காயப் போட்டிருந்தாரு. தானா வந்து அதுல படுத்துக்கிடுச்சு."

"வெங்கலம் நீந்துமாண்ணே?" என்றாள் மீன்கூடையோடு நின்ற வியாகுலம்.

"நாலு மாசம் நீந்தியிருக்கு. இல்லன்னா எப்பிடிப் பாசி புடிச்சுப் பச்சையாக் கெடக்கு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. கஸ்பார் சுருதியைக் கூட்டினார்.

"இங்க மணியடிச்சா கொழும்புல கடையடைப்பாக சாமி. கடல்ல போற மீனெல்லாம் அப்படியே நின்னு சிலுவை போடும்."

"மீனுக்குக் கையேது?" என்றாள் வியாகுலம்.

"பின்ன செட்டை எதுக்கு இருக்காம்? தவக்கால வெள்ளிக்கிழம தூண்டில்ல புழு வச்சுப் பாரு, ஒண்ணு கடிக்காது. அன்னைக்கு அதுக மாமிசம் தொடாதுக."

"சரி, கீறல் எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார் சாமி.

கஸ்பார் மணியைப் பார்க்காமல் கடல் பக்கம் கையை நீட்டினார்.

"புயல் சாமி! அத வெரட்ட மூணு நாள் விடாம அடிச்சேன். நாலாம் நாள் மணி என்னையும் தூக்கிக்கிட்டு ஆடுச்சு. அந்தப் பக்கம் போனா இலங்கை தெரியுது, இந்தப் பக்கம் வந்தா மலையாளம் தெரியுது. ஆடுன வேகத்துல இடுப்புல கட்டியிருந்த சாரம் அவுந்து பறந்து, கொடிமரத்துல ஏறிருச்சு. திருவிழாக் கொடி ஏறிட்டுன்னு ஊரே முழங்கால் போட்டு நவநாள் தொடங்கிட்டாக. என் கோலத்தப் பாத்த புயல் வெக்கப்பட்டுத் திரும்பிட்டு. மணிக்குச் சிரிப்பு தாங்கல. அதுல விழுந்ததுதான் இந்தக் கீறல்."

"சாரம் அவுந்தது சத்தியம் சாமி, நான் பாத்தேன்" என்றாள் வியாகுலம். "கோயிலுக்கு வெள்ளையடிச்ச பொறவு, எறக்கி வச்சிருந்த மணிய அண்ணன் கயித்துல மேல ஏத்துனாரு. சாரம் நழுவிச்சு. அதப் புடிக்கக் கயித்த விட்டாரு. புயலுமில்ல, காத்துமில்ல. மணி நேராக் கல்லுல."

பன்னிரண்டு வருஷமாக மூடி வைத்தது உடைந்துவிட்டது. கஸ்பாருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ரெண்டு கைதான சாமி இருந்துச்சு" என்றார்.

நல்லவேளை, உச்சி நேரச் செபத்துக்கு மணி பன்னிரண்டாகியிருந்தது. வெட்கத்தை மறைக்க ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார்.

டொக்.

தேங்காய் மண்ணில் விழுந்த சத்தம்தான். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் சட்டென்று அடங்கிச் சிலுவை போட்டார்கள். வியாகுலம் கூடையை இறக்கிவிட்டு முக்காடு போட்டாள். தூரத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நின்றார்கள்.

செபம் முடிந்ததும் சாமி மணியை அண்ணாந்து பார்த்தார். "கரண்ட் மணி வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து பொய்க் கணக்கையெல்லாம் சொல்லிருங்க" என்ற சாமி, மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் அடுத்த சனிக்கிழமை வாங்க. இந்த வாரம் இவருக்கே நேரம் பத்தாது."