மூன்று எல்லையில் குந்திய நரி

தேக்கங்காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. உடம்பு முயல் அளவுதான். வாயில் மட்டும் கேள்வி ஓய்ந்ததே இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் எல்லாரும் அதைத் துருவி என்றே கூப்பிட்டார்கள்.

தேக்கங்காட்டுக்குப் புலி ராஜா. பக்கத்து மூங்கில்காட்டுக்கு யானை ராஜா. இரண்டையும் ஒட்டியிருந்த ஈச்சங்காட்டுக்குக் கரடி ராஜா. மூவரும் எல்லை மரங்களில் உடம்பைத் தேய்த்து வாசனை வைத்திருந்தார்கள். ஒருவர் வாசனையை இன்னொரு ராஜா தாண்டினால் அது பெரிய அவமரியாதை.

ஆனால் மூன்று காடுகளையும் தாண்டி ஒரு பெருங்கொடி ஓடியது. உள்ளே குழாய் போல வெற்றிடம். அதன் பொந்தில் வாய் வைத்துப் பேசினால் மூன்று காட்டுக்கும் கேட்கும். போன கோடையில் தீப்பிடித்தபோது கொடியில் வந்த குரலால்தான் பல உயிர்கள் பிழைத்தன.

ஒருநாள் துருவி கொடியில் கேட்டது. "மயில் முட்டையெல்லாம் காணாமப் போகுதே, யாரு திங்கறது?"

மறுநாள் காலை கொடியில் யாரோ பேசினார்கள். "குளத்துல விஷக்காயப் போட்டது துருவிதான்! அவ படுக்கறது மூணாம் பாறைக்குப் பின்னாடி, சூரைப் புதர்ல. போய்ப் பாத்துக்குங்க!"

சருகுமானுக்குக் கொம்பும் கிடையாது, பெரிய பல்லும் கிடையாது. ஒளிந்திருப்பதுதான் அதற்கு உயிர். அன்றே செந்நாய்கள் வந்து புதரைச் சூழ்ந்துகொண்டன. துருவி ஒரு வளைக்குள் புகுந்து தப்பியது. பாவம், இனி அங்கே கண்மூட முடியாது. அந்தப் பயத்திலும் ஒரு கேள்வி குடைந்தது. பேசியது யார்?

கொடியை மோந்துகொண்டே போயிற்று. மூன்று எல்லையும் கூடுகிற இடத்தில், மூங்கில்காட்டுப் பக்கம், ஒரு பொந்து. அதன் அடியில் மயில் முட்டை ஓடுகள். பக்கத்தில் ஒரு நரி சுகமாகக் குந்தியிருந்தது.

"ஏன் இங்க குந்தியிருக்கே?" என்று துருவி எட்ட நின்று கேட்டது.

"யானை வந்தா கரடி எல்லைக்குப் போவேன். கரடி வந்தா புலி எல்லைக்கு. நான் யாருக்கும் குடி இல்ல. என்னைய யாரு கேக்கறது?" என்றது நரி.

துருவி புலியிடம் ஓடியது. "அவன் பேசினது மூங்கில்காட்டுல. நான் அங்க கால் வைக்கலாமா?" என்றார் புலி.

யானையிடம் போயிற்று. "பேசினது இங்கதான். ஆனா நீ என் குடி இல்லையே" என்றார் யானை.

கரடி கொட்டாவி விட்டார். "பேச்சு என் காட்டு வழியாப் போச்சு. அவ்வளவுதாம்மா."

துருவி மறுபடி புலியிடமே வந்தது. "ராஜா, உங்க குட்டிங்க தூங்கற குகைய நாளைக்கு அவன் கொடியில சொன்னா?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! புலி சட்டென்று எழுந்துவிட்டார். "அந்தக் கொடிய வெட்டிடறேன்."

"அடுத்த தீக்கு யாரு குரல் கொடுப்பா?"

"அப்போ காவல் போடறேன். எல்லார் பேச்சையும் ஒட்டுக் கேக்கட்டும்."

"உங்களப் பத்திக் கேள்வி கேக்கறவன் கதி என்ன ஆகும்?"

புலி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்ன என்னதான் செய்யச் சொல்றே?"

"யாரும் எல்லையத் தாண்ட வேணாம். மூணு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க எல்லை மரத்துக்கிட்ட நில்லுங்க. போதும்."

குட்டிகளைப் பற்றிய அதே கேள்வியை யானையிடமும் கரடியிடமும் துருவி கேட்டது. அவர்களுக்கும் குட்டிகள் இருந்தன.

மறுநாள் உச்சி வெயிலில் யானை வந்தார். நரி சிரித்துக்கொண்டே ஈச்சங்காட்டுக்குத் தாவியது. அங்கே கரடி நின்றார். தேக்கங்காட்டுக்குத் தாவியது. அங்கே புலி நின்றார். நரிக்கு அன்றுதான் முதல்முறையாகப் போக இடமில்லை.

"அடிபட்டது என் குடி" என்றார் புலி.

"பேசினது என் காட்டுல" என்றார் யானை.

"போனது என் வழி" என்று கரடி தலையைச் சொறிந்தார். "அப்போ மூணும் ஒரே வழக்குதானே. இத்தன நாள் ஏன் தோணாமப் போச்சு?"

அங்கேயே பேசி முடித்தார்கள். கொடி வழியாக யாருக்குத் தீங்கு வந்தாலும் மூவரும் சேர்ந்து விசாரிப்பது. எந்த ராஜாவும் கொடியை வெட்டக் கூடாது, அதில் ஒட்டுக் கேட்கவும் கூடாது.

நரி அதே பொந்தில் வாய் வைத்து, "நான் சொன்னது பொய். முட்டை தின்னது நான்தான்" என்று மூன்று காட்டுக்கும் சொல்ல வேண்டி வந்தது.

துருவி வேறு புதர் பார்த்துக்கொண்டது. அது எங்கே என்று ராஜாக்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை கொடியில் துருவியின் குரல் கேட்டது. "ராஜாக்களே, குளம் வத்தும்போதெல்லாம் முதல்ல குடிக்கறது நீங்களாவே இருக்கீங்களே, ஏன்?"

மூன்று ராஜாக்களுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ஆனால் ஒருவரும் அந்தப் புதரைத் தேடிப் போகவில்லை.

பேச்சு எல்லை தாண்டிப் போகும் உலகில் காவலர்களும் எல்லையோரம் வந்து கைகோத்தால்தான், எளியவர் பயமில்லாமல் தூங்கவும் முடியும், வாய் திறந்து கேட்கவும் முடியும்.